லுலோங்கின் மூலநெல்

எங்கள் நீண்ட வீட்டில் லுலோங் அக்காவின் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் இருமினால் என் தூக்கம் கலையும். நான் புருஷனைத் திட்டினால் அவளுக்குப் பொழுது போகும். இருபது குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற வீட்டில் ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான்.

அவள் வாய் ஓயாது. மனிதர்களிடம் பேசுவது குறைவு, நெல்லோடு பேசுவதுதான் அதிகம். அறுவடையில் கதிர் பயந்துவிடக் கூடாதென்று சின்னக் கத்தியை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு கதிராக அறுப்பாள். ஒரு மணி கீழே விழுந்தால் போதும், கூடையை இறக்கிவைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து தேடுவாள்.

"ஐயோ கண்ணு, விழுந்துட்டியா? கோவிச்சுக்காத, நான் பாக்கல."

"உம் புருஷன் படகுலேருந்து ஆத்துல விழுந்தப்போ இப்படித் தேடினியா அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த ஆளுக்கு நீஞ்சத் தெரியும். நெல்லுக்குத் தெரியுமாடி?"

பறவை விஷயத்திலும் அப்படித்தான். காட்டுக்குக் கிளம்பும்போது இடது பக்கம் ஒரு குறிப்பிட்ட பறவை கூவினால் அன்றைக்கு வேலை கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். கிறிஸ்தவ சபை வந்த பிறகு எல்லோரும் அதை விட்டுவிட்டோம். அவள் மட்டும் கூவலைக் கேட்டதும் பாதி வழியில் திரும்பிவிடுவாள். நான் சிரித்துக்கொண்டே போய் நாள் முழுக்கக் களை பிடுங்குவேன். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் அவள் வாசலில் உட்கார்ந்து பாய் பின்னிக்கொண்டிருப்பாள். எங்கள் இருவரில் யார் புத்திசாலி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மூலநெல்லைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூலநெல் உண்டு. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ, கல்யாணத்துக்குப் பிறகும் அதே அறையில் தங்குகிற பிள்ளைக்கு வரும். அதை விற்கக் கூடாது, வேறு அறைக்குக் கொடுக்கக் கூடாது. காட்டைச் சீராக்கி எரித்து, மற்ற நெல்லையெல்லாம் விதைத்தபின் சரிவின் நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி அதை விதைப்போம். அறுப்பதும் கடைசியில்தான். ஒரு வருஷம் விதைக்காமல் விட்டால் அத்தோடு அது போயிற்று, திரும்ப வராது.

அதற்குள் இருப்பது யார் என்பதுதான் முக்கியம். செத்தவர்கள் மறு உலகத்தில் கொஞ்ச காலம் இருந்து, அங்கேயும் தேய்ந்து, கடைசியில் பனித்துளியாக இறங்கி வருவார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பனியைக் குடித்துத்தான் நெல் பால் பிடிக்கும். அந்தந்தக் குடும்பத்துச் செத்தவர்கள் அந்தந்த மூலநெல்லைத் தேடி வருவார்கள். ஆக நாங்கள் சாப்பிட்டதெல்லாம் எங்கள் ஆட்களைத்தான். லுலோங் அக்கா நெல்லிடம் மன்னிப்புக் கேட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை, சொந்தக்காரர்களைக் கீழே போட்டால் யாரும் கேட்பார்கள்.

என் குடும்பம் ஞானஸ்நானம் வாங்கியபோது எங்கள் மூலநெல்லைச் சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டோம். பாஸ்டர் அப்படித்தான் செய்யச் சொன்னார். எரிக்க மனசு வராது, ஆற்றில் போடவும் வராது, விதையைச் சமைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்லி எல்லோருமாகச் சாப்பிட்டுவிடுங்கள் என்றார். சோறு நன்றாகத்தான் இருந்தது. என் துவாக் பானையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அரிசி புளித்துக் கள்ளாகிக்கொண்டிருக்கும் பானையைப் பற்றி நானாக எதற்குச் சொல்ல வேண்டும்?

அக்காவின் புருஷன் என்தாலாய்க்கு நுரையீரலில் நோய் வந்தது. கீழே பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் லூத்தா எங்கேயோ மரக்கம்பெனியில் இருந்தான், தகவல் போய்ச் சேரவே நாளாயிற்று. பாஸ்டர் மம்பாங்தான் கூடவே இருந்தார். எச்சில் சட்டியைக் கழுவினார், துணி மாற்றினார், ராத்திரியெல்லாம் தாழ்ந்த குரலில் பாடினார். அவரும் எங்கள் ஆள்தான், இரண்டு ஆறு தள்ளி ஊர். என்தாலாய் ஞானஸ்நானம் கேட்டார். கொடுத்தார்கள். அவர் போனதும் உடம்பை ஆற்றின் அக்கரையில், சபைக்கென்று ஒதுக்கிய மேட்டில் புதைத்தார்கள். எங்கள் பழைய மயானம் இக்கரையில் இருக்கிறது.

அந்தப் பாடலை அக்கா மறக்கவில்லை. "பெத்த புள்ள செய்யாததை அந்த ஆள் செஞ்சார். அவரு சாமி நல்ல சாமியாத்தான் இருக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வர ஆரம்பித்தாள். கடைசிப் பாயில் உட்கார்ந்து, வார்த்தை தெரியாத இடங்களில் முனகிக்கொண்டு பாடுவாள். பாஸ்டர் பிரசங்கம் செய்யும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சும்மா புருஷனுக்காக மட்டும் அவள் வரவில்லை. அது எனக்குத் தெரியும்.

அறுவடை முடிந்ததும் அவளே பாஸ்டரிடம் போய்க் கேட்டாள்.

"எனக்கும் முழுக்குக் கொடுங்க. செத்தா அக்கரையில அவர் பக்கத்துல படுக்கணும்."

பாஸ்டருக்குச் சந்தோஷம். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பெரியம்மா, மூலநெல்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. நான் கும்பிடல. பேசறேன், அவ்வளவுதான்."

"பேசறதுதான் பெரியம்மா ஜெபம். ரெண்டு பேர்கிட்ட ஜெபம் பண்ண முடியாது. நெல்லைப் படைச்சவர்கிட்டப் பேசுங்க."

 அக்கா சரி என்றாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் முழுக்கு, அன்றைக்கே விருந்து. அவளுடைய மூலநெல் அந்த விருந்துக்குச் சோறாக வேண்டும். மகனுக்குச் சொல்லி அனுப்பினாள். வீடு முழுக்க அந்த வாரம் அதே பேச்சு.

சனிக்கிழமை காலையில் விதைக்கூடையை இறக்கினாள். நானும் உலக்கையை எடுத்துக்கொண்டு போனேன். நெல்லை உரலில் குத்திவிட்டால் பிறகு அது முளைக்காது. அவளுக்குத் தெரியாதா என்ன? முதல் உலக்கையை அவள் போடாமல் நின்றாள். நான் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மாறிமாறிக் குத்தினோம்.

அன்றைக்கு அவள் நெல்லிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

"என்னக்கா, வாயில கொழுக்கட்டையா? வாழ்நாள்ல இவ்வளவு நேரம் நீ சும்மா இருந்ததில்ல."

"பேசக் கூடாதுன்னு சொல்லிட்டார்ல."

"ஞானஸ்நானம் நாளைக்குத்தானே? இன்னைக்குப் பேசிக்கோ."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். உலக்கையைச் சாய்த்துவைத்துவிட்டு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூடையில் பாதி இன்னும் நெல்லாகவே இருந்தது.

"ஜெனாய், லெமியாவ உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான் அப்போது கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிது. அக்காவின் மூன்று வயசுப் பெண் குழந்தை, கோழிகளைத் துரத்திக்கொண்டு கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். அம்மை போட்ட வருஷம் போய்விட்டது. இக்கரை மயானத்தில் இருக்கிறது. அப்போது எங்கள் ஆற்றில் சபையும் இல்லை, பாஸ்டரும் இல்லை.

"அவ எங்க இருக்கா?" என்றாள் அக்கா.

நான் கூடையைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது? என் கைக்கு அதற்குமேல் உலக்கை ஏறவில்லை. எங்கள் வீட்டு மூலநெல்லைச் சாப்பிட்ட நாளில் நான் இப்படி யாரையும் நினைக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. 

"வா, பாஸ்டர்கிட்டக் கேப்போம்" என்று அவளைக் கிளப்பினேன்.

பாஸ்டர் படித்துறையில் மறுநாளுக்காகக் கல்லையும் கட்டையையும் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார், முழங்கால்வரை சேறு. அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"எம்பொண்ணு மூணு வயசுல போனா. முழுக்கு வாங்கல. உங்க பரலோகத்துல இருக்காளா, இல்லையா?"

பாஸ்டர் கையில் இருந்த கட்டையைக் கீழே வைத்தார். இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வேறு ஆளாக இருந்தால் சொல்லியிருப்பான். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"கடவுள் குழந்தைங்க மேல ரொம்ப அன்பா இருக்கறவர் பெரியம்மா. நான் நம்பறேன். ஆனா எனக்குத் தெரியும்னு சொல்ல முடியாது. அவருக்குத்தான் தெரியும்."

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "வருஷாவருஷம் பனி இறங்கறப்போ வரா. அவ வரப்போ அந்த இடத்துல நெல்லு இல்லன்னா எங்க போவா?"

"பெரியம்மா..."

"உங்க மேல தப்பில்ல. நீங்க நல்லா இருக்கணும்."

திரும்பி நடந்தாள். நான் பாஸ்டர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, வருத்தம்தான். சேற்றோடு அப்படியே நின்றார்.

பாதிக் கூடை நெல் மறுபடி பரணுக்கு ஏறியது. குத்தின பாதியை அவள் வீணாக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உலை வைத்து வடித்து, இலையில் பொதிந்து, விருந்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். முழுக்கு நடந்தபோது வரிசையில் நிற்காமல் கரையில் நின்றாள். பாட்டு வந்ததும் அவளும் பாடினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? சாமிக்கே டிமிக்கி கொடுத்துட்டா என்று ஒருத்தி சொன்னாள். "உனக்குச் சோறு வேணுமா, வேணாமா?" என்று நான் கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பாஸ்டரும் பந்தியில் உட்கார்ந்தார். அந்தச் சோற்றைத் தொடமாட்டார் என்று நினைத்தோம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு இலையைப் பிரித்தார். ஒரு பருக்கை பாயில் விழுந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். 

திங்கட்கிழமை காலையில் என்னைப் படகு வலிக்கக் கூப்பிட்டாள். அக்கரைக்குப் போனோம். என்தாலாயின் குழிமேட்டில் புல் மண்டிக் கிடந்தது, மரச்சிலுவை லேசாகச் சாய்ந்திருந்தது. சிலுவையை நிமிர்த்தி அடியில் கல் வைத்து இறுக்கினாள். பிறகு குந்தி உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள், வயலில் பேசுகிற அதே குரலில்.

"லூத்தா அப்பா, நான் இங்க வரல. வரணும்னுதான் இருந்தேன், உங்களுக்கே தெரியும். இங்க உங்களுக்கு ஆள் இருக்கு. பாட்டு இருக்கு. பாஸ்டர் ஒருநாள் வருவார். இந்த ஜெனாயும் வருவா, வந்தா உங்களுக்குத் தூக்கம் கிடையாது. பாப்பாவுக்கு நான் மட்டுந்தான். அவளத் தனியா விட்டுட்டு எப்படி வரது? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் புல்லையும் வேரோடு பிடுங்கி எறிந்தாள்.

"சாமிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவர் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல, நல்லவர்தான்."

கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, மேட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷம் ஒரே பாய்ல படுத்தோம். போதும்னு வெச்சுக்குவோம்."