மாப்பிள்ளைக் காருக்கு எண்ணெய்க் குளியல்

மங்களம் மாமியின் காரைப் பார்த்துத் தலைவாரிக்கொள்ளாத ஆண்பிள்ளை மெட்டுகுடாவில் கிடையாது. அரக்கு நிறம், பழைய மாடல்தான். ஆனால் கதவில் முகம் தெரியும். ஒரு கோடையில், அந்தக் கதவில் தெரிந்த தன் உருவத்தை இன்னொரு காக்கை என்று நம்பி, ஒரு காக்கை சுள்ளி பொறுக்கி வந்து சக்கரத்தடியில் கூடு கட்டத் தொடங்கிவிட்டது. குடும்பம் நடத்த ஆள் வெளியே வரவில்லை என்று தெரிந்ததும் அது மனம் நொந்து செகந்திராபாத் பக்கமே தலைகாட்டவில்லை. சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாகப் போய் விசாரிக்கலாம்.

மாமி பிறந்ததே மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா கூட்ஸ் வண்டி கார்டு. படித்து முடித்ததும் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலையில் படம் வரையும் பிரிவில் வேலை. கோடு ஒரு மயிரிழை தப்பினாலும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைகிறவள். ஓய்வு பெற்ற கையோடு கார் வாங்கினாள், ஓட்டக் கற்றாள், அந்தக் காரையும் இன்ஜினியரிங் படம் மாதிரியே பார்த்துக்கொண்டாள். தெருவில் தமிழ்க் கல்யாணம் என்றால் முதல் நாள் சாயங்கால ஜானவாசத்துக்கு மாமியின் கார்தான். பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றி, நாதஸ்வரம் முன்னே போக, மண்டபம் வரை ஊர்வலம். ஓட்டுவதும் மாமிதான். தெருவில் அதற்கு மாப்பிள்ளைக் கார் என்றே பெயர். தலைக்கனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படி இருந்தவளின் வயிற்றில் நெருப்பு வைத்தது மாடி வீட்டுக்குக் குடிவந்த அஸ்வினி.

பொள்ளாச்சிப் பெண். சாஃப்ட்வேர் வேலை. கூடவே ஒரு கறுப்புக் கார். வந்த வாரமே ஒரு சனிக்கிழமை காலை காரை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீரை மட்டும் பீய்ச்சி மண்ணைக் கரைத்தாள். பிறகு இரண்டு வாளி வைத்துக்கொண்டாள். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். பஞ்சு உறை மாட்டிய கையை ஷாம்புவில் முக்குவது, கூரையிலிருந்து கீழாகத் துடைப்பது, வெறும் தண்ணீரில் அலசுவது, மறுபடி முக்குவது. மாமி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னம்மா, காருக்கு ரெண்டு வாளியா? நாங்க ரெண்டு வாளியில வீட்டையே கழுவிடுவோமே!"

"ஏனுங் மாமி, ஒரே வாளின்னா துடைச்ச மண்ணு மறுக்கா துணியில ஏறிக்குமுங்க. அப்புறம் பெயின்ட்டெல்லாம் கீறல் விழுந்துரும்."

பிறகு, பிசைந்த மாவு போன்ற ஒரு உருண்டையால் வண்டியை முழுக்கத் தேய்த்தாள். அதன்பின் சின்னப் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ எடுத்து, ஒரு முழம் இடமாகப் பூசுவதும் துடைப்பதுமாக மத்தியானம்வரை உட்கார்ந்தாள். பெயின்ட்டின் மேல் கண்ணாடிபோல் படிந்துகொள்ளும் கோட்டிங்காம்.

மறுவாரம் மழை பெய்தது. மழை விட்டதும் மாமி கீழே இறங்கினாள். கறுப்புக் காரின் மேல் தண்ணீர் சேப்ப இலையில் நிற்பதுபோல முத்து முத்தாக நின்றது. மாமி ஒரு விரலால் தட்டினாள். முத்துக்கள் எல்லாம் சேர்ந்து ஓடி, தரையில் விழுந்தன. கார் காய்ந்தே இருந்தது. தன் காரைத் திரும்பிப் பார்த்தாள். அதன் மேல் தண்ணீர், ஈர வேட்டிபோல ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அன்று மாமி இராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. மோர் குடித்தாள். வயிறு எரிகிற எரிச்சலில் மோரே காய்ச்சிய பால்போலச் சுட்டதாம்.

"கைக்கு மங்களம், ஏன் இப்படி இருக்கே?" என்று ஹைதராபாத் உருது கலந்து கேட்டார் வரதராஜன், மாமியின் கணவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். "அவ கார் அவளுக்கு, உன் கார் உனக்கு."

"உங்களுக்கு என்ன தெரியும்? காலம்பற அதுல முகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாமான்னு நீங்களே நினைச்சேளா இல்லியா?"

"ஹவ், ஆமாம். நினைச்சேன்."

உண்மை பேசுவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு இத்தனை வயதாகியும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து அவருக்கு ரசம் மட்டும்தான்.

மாமிக்குப் பக்தி திடீரென்று அதிகமானதும் அப்போதுதான். புறாக்களுக்கு மொட்டை மாடியில் அரிசி போடுவது வழக்கம். இப்போது அதை, கறுப்புக் கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்த சன்ஷேடில் போட ஆரம்பித்தாள். மெட்டுகுடாவின் புறாக்கள் மட்டுமல்ல, அமீர்பேட்டில் கோச்சிங் சென்டர் கூரைகளில் பட்டினி கிடந்தவையும் மெட்ரோ பிடித்து வந்தது மாதிரி வந்து சேர்ந்தன. காலையில் பார்த்தால் கறுப்புக் கார் வெள்ளைக் காராகியிருந்தது.

மாமி காபியை ஆற்றிக்கொண்டு பால்கனியில் காத்திருந்தாள். அஸ்வினி வந்தாள். ஈரத்துணியை எச்சத்தின் மேல் சற்று நேரம் போட்டு வைத்தாள். ஊறியதும் மெதுவாக எடுத்தாள். கறையும் இல்லை, தழும்பும் இல்லை. நிமிர்ந்து பால்கனியைப் பார்த்துச் சிரித்தாள்.

"கோட்டிங் இருக்கறதால பொழச்சுதுங் மாமி. பாவம், புறாவுக்கு என்னங்க தெரியும்!"

மாமியின் காபி ஆறிப்போயிற்று.

இதுவரைகூடத் தாங்கியிருப்பாள். அசோசியேஷன் செக்ரட்டரி வெங்கட்ரமணன் வந்து நின்றபோதுதான் விஷயம் கை மீறியது. அவர் மகள் ஹர்ஷிதாவுக்குக் கல்யாணம். மாமி தட்டில் வெற்றிலை பாக்கை எதிர்பார்த்தாள். அவர் வெறுங்கையோடு வந்து கையைப் பிசைந்தார்.

"மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. கறுப்புக் கார் ஃபோட்டோல எடுப்பா வரும்னு ஹர்ஷிதா சொல்றா. நான் சொன்னேன், மாமி கார் இருக்கறச்சே அது எதுக்குன்னு. ஞாயித்துக்கிழமை அவளே வந்து ரெண்டையும் பாத்துச் சொல்லட்டுமே. ஏமண்டாரு, என்ன சொல்றேள்?"

"பாக்கட்டும். நன்னாப் பாக்கட்டும்," என்றாள் மாமி. கதவைச் சாத்திய சத்தத்தில் மேல் வீட்டுக் காலிங்பெல் தானாக அடித்தது.

இனிக் கோட்டிங் வாங்கலாம் என்றால், எதை எப்படிப் பூசுவது என்று அஸ்வினியிடம்தான் கேட்க வேண்டும். அதற்குப் பதில் காரையே விற்றுவிடலாம். மாமி இரவெல்லாம் படம் வரைகிறவள்போல யோசித்தாள். தண்ணீர் ஏன் முத்தாக உருளுகிறது? ஒட்டாததால். தண்ணீர் எதில் ஒட்டாது? எண்ணெயில். அவ்வளவுதான், விஞ்ஞானம் முடிந்தது.

பெண்களுக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளைக் கார் என்று பெயர் இருந்தாலும், இத்தனை அழகாக இருப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை காலை நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூரைக்கு ஒரு கை, முன் மூடிக்கு ஒரு கை, கதவுகளுக்கு அழுத்தி. எண்ணெயில் மிளகு போடாததுதான் பாக்கி.

வரதராஜன் எட்டிப் பார்த்தார். "நக்கோ மங்களம், வேண்டாம்! இதென்ன தீபாவளியா?"

"உங்களைக் கேட்டேனா?"

நிழலில் நின்ற கார் புதுக் கல்யாணப் பெண்போல மினுமினுத்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். முத்து முத்தாக உருண்டது! மாமி தனியாக நின்று கை தட்டினாள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் காரைக் காணவில்லை. அதன் இடத்தில் கம்பளி போர்த்திய ஏதோ நின்றது. தெருவில் குழாய்க்காகத் தோண்டிவிட்டு மூடாமல் போன மண்ணெல்லாம் இரவில் பறந்து வந்து எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே புறா இறகு, பூனை முடி, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைச் சருகு.

எண்ணெய் தேய்த்தால் அதை எடுக்க என்ன போடுவோம்? மாமியும் அதைத்தான் போட்டாள். சீயக்காய். அரைத்து வைத்திருந்ததைக் கரைத்து, தேங்காய் நாரால், வட்ட வட்டமாக, குழந்தையின் தலையைத் தேய்ப்பதுபோல வைராக்கியத்தோடு தேய்த்தாள். எண்ணெய் போயிற்று. மண்ணும் போயிற்று. கழுவிவிட்டு, வெயில் கூரையில் விழுந்தபோது பார்த்தாள்.

கார் முழுக்கச் சிலந்தி வலை. ஆயிரம் சிலந்திகள் இரவு பகலாக உட்கார்ந்து பின்னிய மாதிரி, வெயில் படும் இடமெல்லாம் வட்டக் கீறல்கள். கதவில் குனிந்து பார்த்தாள். எதிரே ஒரு புகைமூட்டம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றது.

மாமி அழவில்லை. நாரை மட்டும் தெருமுனைவரை வீசினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹர்ஷிதா வந்தாள். அரக்குக் காரை ஒரு பார்வை பார்த்தாள். மாமியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "பர்வாலேது மாமி, பாகுந்தி," பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று தெலுங்கில் மெதுவாகச் சொல்லிவிட்டு, கறுப்புக் கார் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். தீர்ப்பு முடிந்தது.

ஜானவாசத்தன்று மாமி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஆனால் ஜன்னல் பக்கமாகத் தலை வைத்துப் படுத்தாள். அதனால் கீழே நடந்ததெல்லாம் காதில் விழுந்தது.

பூக்காரர் வந்து மல்லிகைச் சரத்தைக் கறுப்புக் காரில் ஒட்ட டேப்பைக் கிழித்தார்.

"அய்யோ! ஏனுங்ணா, டேப் ஒட்டாதீங்க, பூச்சு பிஞ்சுட்டு வந்துரும்!" அஸ்வினி பட்டுப்புடவையோடு குறுக்கே பாய்ந்தாள்.

"டேப்பு லேகுண்டா பூவு எலா நிலுஸ்துந்தி அம்மா?" டேப் இல்லாமல் பூ எப்படி நிற்கும் என்பது பூக்காரரின் கேள்வி.

புரோகிதர் சந்தனக் கிண்ணத்தோடு முன்னே வந்தார். அதுவும் கூடாது, கறை ஊறிவிடும். கயிறு கட்டலாமா? உரசும். மாமாக்கள் சாய்ந்துகொள்ளலாமா? மோதிரம் கீறும்.

வெங்கட்ரமணன் வெடித்தார். "ஏம்மா, மாப்பிள்ளையையாவது உள்ளே உட்கார வைக்கலாமா, இல்லை அவரும் கூடவே ஓடி வரணுமா?"

அடுத்த நிமிடம் மாமியின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெங்கட்ரமணன் இந்த முறை வெறுங்கையோடு வரவில்லை. தட்டு நிறைய வெற்றிலை.

"மாமி, நீங்கதான் காப்பாத்தணும்."

"தலைவலின்னு படுத்திருக்கேன்," என்றாள் மாமி, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.

அரக்குக் காருக்கு இனி என்ன பயம்? டேப் ஒட்டினார்கள், கயிறு கட்டினார்கள், புரோகிதர் முன் மூடி முழுக்கச் சந்தனம் அப்பினார். அத்தனை கீறலையும் மல்லிகை மூடிக்கொண்டது. கார், பூவால் செய்து சக்கரம் பொருத்தியதுபோலப் புறப்பட்டது. கோயிலில் மாப்பிள்ளை பின்சீட்டில் ஏறினார். நாதஸ்வரம் முன்னே, அதன் பின்னால் மாமியின் கார். பின்னால், வெங்கட்ரமணன் வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு அஸ்வினியின் கறுப்புக் கார். மாமியின் வயிறு பல வாரங்களுக்குப் பிறகு குளிர்ந்திருந்தது.

பாதித் தூரத்தில் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். நல்ல பிள்ளை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற பிள்ளை.

"மாமி, பின்னாடி வர்றது என்ன கார்? கண்ணாடி மாதிரி இருக்கே! தெரு லைட்டெல்லாம் அதுல ஓடுது பாருங்கோ!"

மாமியின் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டது. கால்தான் அழுத்தியது என்பார்கள் மாமிக்கு வேண்டியவர்கள். நாதஸ்வரக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்க, ராகம் பாதியில் நிற்க, தெருவில் தோண்டிப்போட்ட மண்ணைக் கிளப்பிக்கொண்டு கார் பறந்தது. மெட்டுகுடாவில் அதற்கு முன் எந்த மாப்பிள்ளையும் அத்தனை அவசரமாகக் கல்யாணத்துக்குப் போனதில்லை.

மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுக்க ஒரு ஆள் இல்லை. எல்லாரும் ஊர்வலத்தில் இருந்தார்கள். சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தவள் ஹர்ஷிதா மட்டும்தான். சம்பிரதாயம் பார்த்துத் தடுக்க யாரும் இல்லாததால் அவளும் மாப்பிள்ளையும் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமி அந்தப் பக்கம் பார்க்காமல் தெருவையே பார்த்தாள்.

வெகுநேரம் கழித்து, மூச்சு வாங்க நாதஸ்வரம் வந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெங்கட்ரமணன் வந்தார். "என்ன மாமி இது! மாப்பிள்ளையைக் கடத்திண்டு வந்துட்டேளே!"

"நீங்கள்லாம் ரொம்ப மெதுவா வந்தேள்," என்றாள் மாமி.

கடைசியாக அஸ்வினியின் கார் வந்து நின்றது. மாமி கிளப்பிவிட்ட மண் முழுக்க அதன் மேல். கறுப்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அஸ்வினி இறங்கிச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கையில் தண்ணீர் இல்லை, காய்ந்த மண்ணைத் துடைத்தால் கோடு விழும்.

மாமி கருணையே உருவாகக் கிட்டே போனாள். முந்தானையை நன்றாகச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அச்சச்சோ, இதுக்கா கண்ணுல தண்ணி? நான் துடைச்சு விடறேன் கண்ணு, நகரு."

"வேண்டாமுங் மாமி!" அஸ்வினி இரண்டு கைகளையும் விரித்துக் காரின் முன் நின்றாள். "உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேனுங்க, தொடாதீங்க!"

"சரி, சரி. உனக்கு வேண்டாம்னா வேண்டாம்," என்று மாமி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனாள். அன்று பாயசம் மூன்றாம் தடவையும் வாங்கிக்கொண்டாள் என்று பரிமாறியவர் சொன்னார்.