துண்டு வீசும் அதிகாரம்

மூக்காயி குடுமியான்மலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பூக் கட்டி விற்கிறார். பேருந்தில் ஏறுகிறவர்களிடம் வம்பளக்காமல் ஒரு முழம்கூட விற்கமாட்டார். ஆனால் வருடம் முழுவதும் அவர் காத்திருப்பது கோடையில் ஒரு காலைக்காக. கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும் காலை அது. ஊத்தாக் கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாயில் கைவிட்டு விரால் எடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை.

கரையிலிருந்து வெள்ளைத் துண்டு வீசிய பிறகுதான் எல்லாரும் இறங்க வேண்டும். போன வருடம் அந்தப் பொறுப்பு ஐந்து பேர் கமிட்டியிடம் இருந்தது. ஐந்து தோளிலும் துண்டு. இன்னும் ஆட்கள் வரட்டும் என்று நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்தாமவரான ரெங்கராஜ் தன் துண்டை உதறி முகத்தைத் துடைத்தார். பாதிக் கூட்டம் கண்மாயில் குதித்துவிட்டது. மீதிக் கூட்டம் கரையில் நின்று ஏசியது.

அதனால் இந்த வருட ஊர்க் கூட்டத்தில் ரெங்கராஜே எழுந்தார். "அஞ்சு கை ஆகாதுப்பா. ஒரே ஆளுகிட்ட முழு அதிகாரத்தையும் குடுத்துருவோம்."

"அந்த ஆளு தன் சொந்தக்காரவுக வந்து சேந்தப்புறம் வீசுனா, யாருண்ணே கேக்குறது?" என்றார் மூக்காயி.

"அப்ப நீங்களே வீசுங்க மதினி," என்றார் கொழுந்தன் முறையுள்ள வீரய்யா. "ஒங்க சொந்தக்காரவுக எல்லாம் திருப்பூர்ல இருக்காக."

கூட்டம் சிரித்து, கைதட்டி, முடிவும் செய்துவிட்டது. மூக்காயி மட்டும் கைதட்டவில்லை. துண்டு வீசியவர் கண்மாயில் இறங்குவது வழக்கமில்லை. கரையில் நின்று அடுத்தவர் மீன் பிடிப்பதைப் பார்க்கவா?

யோசித்துச் சொன்னார்: "எப்ப வீசணும்னு அஞ்சு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் வீசுறேன். வீசுன ஒடனே என் அதிகாரம் தீந்துச்சு. அப்புறம் நானும் ஊருல ஒருத்தி."

"ஒரு வீச்சுக்கு மட்டும் அதிகாரமா?" என்றார் ரெங்கராஜ்.

"அதுக்கு மேல எதுக்குண்ணே?"

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

திருவிழா அன்று கமிட்டி தலையசைத்தது. மூக்காயி துண்டை வீசினார். கண்மாயே அதிர்ந்தது. அவர் துண்டை ரெங்கராஜ் தோளில் போட்டுவிட்டு, சேலையை வரிந்து கட்டி ஊத்தாவைத் தூக்கினார்.

"தலைவியே எறங்குறாக, வழி விடுங்கப்பா," என்று கத்தினார் வீரய்யா.

"வழியெல்லாம் வேணாம். என் எடத்துல கால வைக்காம இருங்க, போதும்," என்றபடி மூக்காயி இடுப்பளவுச் சேற்றில் இறங்கினார்.