மருந்துல இருக்கான்

கல்லூரியில் சிறுகதைப் பாடம் நடத்துவது என் வேலை. பாத்திரம், களம், முரண், முடிவு என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டுப் பேசுவேன். போன வாரம் ஒரு பெண் எழுந்து, "முரண்னா என்ன மிஸ்? நம்ம வீடுகள்ல நடக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க" என்றாள். புத்தகத்தில் இருந்த உதாரணத்தையே சொல்லி உட்கார வைத்தேன். வாய் வரை வந்தது வேறு.

எங்கள் ஊர் நாரணாபுரம். அங்கே மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை. அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். அண்ணன் மதுரைக்கு பார்மசி படிக்கப் போனபோது, "மருந்துப் படிப்பு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்து வீட்டுச் சித்தி வாயில் கைவைத்தாள். "அடியாத்தீ! மருந்து கலக்கவும் படிப்பு வந்துருச்சா?"

அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நான் கலக்குறது வெடிக்கும். எம்மகன் கலக்குறது உசுரக் காப்பாத்தும்" என்றார். அதையே பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். எங்களுக்குக் காது புளித்துப் போயிற்று.

அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. அரியருக்கு மேல் அரியர். ஒரு தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அந்த வருஷமே அப்பாவுக்கு இருமல் முற்றி வேலை நின்றது. சீசன் தொடங்கியதும் அப்பா நின்ற அதே மருந்து ரூமில் அண்ணன் போய் நின்றான். முதல் நாள் சாயங்காலம், அலுமினியப் பவுடர் அப்பிய கையோடு வாசலுக்கு வந்தவனை அப்பா பார்த்தார். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இருமிச் சாகிற மனுஷனுக்கு இவ்வளவு வீம்பு எதற்கு?

போன சித்திரையில் அப்பாவை விருதுநகருக்கு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அண்ணன்தான் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தான். டாக்டரம்மா வெளியூர்க்காரர், புதிதாக வந்தவர். சீட்டு எழுதிக்கொண்டே, "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டார்.

"மருந்துல இருக்கான்" என்றார் அப்பா. எங்கள் ஊரில் எல்லாரும் சொல்கிற பதில்தான்.

டாக்டரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அட, பார்மசியா? அப்ப எனக்குக் கவலையே இல்ல. எந்த மாத்திரை எப்பன்னு அவரே பாத்துக்குவார்."

அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளிப் பவுடர் போகாது. நான் திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"ஆமாம்மா. எம்மகன் பாத்துக்குவான்."

நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அவர் அப்படி உட்கார்ந்து பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றோம். கடைசியில் அண்ணன்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "என்னத்துக்குப்பா ஆமான்னு சொன்னீக?"

அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்து, அவனிடமே சொன்னார். "அந்தம்மா சொல்லும்போது, ஒரு நிமிசம் எனக்கே நெசம் மாதிரி இருந்துச்சுலே."

கதையாக இருந்தால் அந்த இடத்தில் அவர் அண்ணன் கையைப் பிடித்தார் என்று எழுதியிருப்பேன். பிடிக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினோம். அண்ணன் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.