பாளையங்கோட்டையிலிருந்து வந்த வண்டி

எங்கள் குடும்பம் எங்கே போனாலும் இரண்டாகப் பிரிந்துதான் போகும். நான் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில், எனக்குப் பின்னால் மகள். என் மனைவி பஸ்ஸில். திமிரியில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும் நாட்களில் அவள் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவதைப் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்புவோம். ஆற்காட்டில் அவள் பஸ் மாறுகிற இடத்தில் சில சமயம் நாங்கள் அவளைக் கடந்து போவோம். மகள் கையை ஆட்டுவாள்.

எனக்கு இளம்பிள்ளை வாதம். இரண்டு காலிலும் காலிப்பர், காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம். ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை. வெளிநாட்டுக் கால்களுக்கான ஷூக்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தோலில் வெட்ட வேண்டிய வடிவங்களாகப் பிரித்துத் தருவேன். வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைக்காலம் ஒன்றுதான் தொல்லை. ரெயின்கோட்டுக்குள் தண்ணீர் இறங்கி காலிப்பர் நனைந்தால் தோல் பட்டை உரசி முழங்காலுக்குக் கீழே புண்ணாகிவிடும்.

கையால் ஓட்டுகிற கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. புதுக் கார் வாங்கி, அதில் கைக் கட்டுப்பாடு பொருத்தி, பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவதெல்லாம் என் சக்திக்கு மீறியது. ஏற்கெனவே பொருத்திய பழைய வண்டி அபூர்வமாகத்தான் விற்பனைக்கு வரும். வந்தாலும் எங்கோ தொலைவில் இருக்கும். ஒருமுறை ஒருவர் போட்டோ அனுப்பி, முன்பணம் கேட்டு அவசரப்படுத்தினார். விசாரித்தால் அந்தப் போட்டோவே வேறு யாருடைய வண்டியோ. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் தேடுவதையே விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. பாளையங்கோட்டை. சின்னக் கார், கியர் மாற்ற வேண்டாதது, கைக் கட்டுப்பாடு பொருத்தியது. விலையும் எனக்கு எட்டுகிற விலைதான். அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பேசியவர் ஒரு பெண். மருந்துக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். வண்டி அவருடைய அப்பாவுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பைபாஸ் ஓரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் என் நண்பனிடம் சொன்னேன். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருப்பவன். "பாக்காமயா வாங்கப் போற? இன்னா தோஸ்த் நீ!" என்று கத்தினான். ஆனால் பாளையங்கோட்டை வரை ரயிலேறிப் போய்ப் பார்த்து வருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கும் ஷெட்டை விட்டு நகர முடியாது. கடைசியில் வீடியோ காலில் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஷெட்டில் ஒரு டயர் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். அந்த அம்மா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். கதவின் கீழ்ப்பக்கம், சக்கரங்கள், பம்பரில் ஒரு கீறல். எல்லாம் ஒரே உயரத்திலிருந்து தெரிந்தது.

"மேடம், எல்லாத்தையும் கீழ இருந்தே காட்டுறீங்களே. மேல கூரைய கொஞ்சம் காட்டுங்க," என்றான் இவன்.

"நான் வீல்சேர்ல இருக்கேன் அண்ணாச்சி. இதுக்கு மேல கை எட்டாது. கூரை பாக்கணும்னா கடையில கூட இருக்கிற பொண்ணக் கூப்பிடுதேன், செத்த நில்லுங்க," என்றது அந்தக் குரல்.

நண்பன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஐயோ, சாரி மேடம், தெரியாம..." என்று இழுத்தான்.

"இதுல என்ன சாரி? கையால ஓட்டுத வண்டி. கால் நல்லா இருக்கவங்களா வச்சிருப்பாங்க?" என்று அவர் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்த வண்டியை ஒரு பெண் ஓட்டியிருப்பாள் என்று நானும் நினைக்கவில்லை.

கல்லூரிப் படிப்பு முடிகிற சமயத்தில் மாடியிலிருந்து விழுந்து முதுகுத் தண்டு அடிபட்டவர். அதற்குப் பிறகுதான் மருந்தாளுநர் படிப்பு படித்து, கடை வைத்து, கார் ஓட்டக் கற்றிருக்கிறார். நாற்காலியிலிருந்து சீட்டுக்கும் சீட்டிலிருந்து நாற்காலிக்கும் தினமும் கையூன்றித் தாவித் தாவித் தோள் மூட்டு தேய்ந்துவிட்டது. அதனால் நாற்காலியோடு சரிவுப் பலகையில் ஏறிக்கொள்ளக்கூடிய வேன் ஒன்று செய்யக் கொடுத்திருந்தார். இந்தக் காரை விற்பது அதற்காகத்தான்.

எல்லாம் காட்டி முடித்த பிறகு, "ஒரு விஷயம் சொல்லாம விட்டா எனக்கு உறக்கம் வராது," என்றார். "ஒரு பெருமழையில எங்க தெருவுல தண்ணி ஏறிச்சு. வண்டிக்குள்ள மேட் நனையுத வரைக்கும் வந்துச்சு. எஞ்சினுக்குப் போகல. எல்லாத்தையும் கழத்திக் காய வச்சுதான் மறுபடி ஓட்டினேன். அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா வாங்குதவங்களுக்குத் தெரியணும்லா?"

போனை வைத்ததும் நண்பன் தலையை ஆட்டினான். "தண்ணி பூந்த வண்டி வேணாம்டா. இன்னிக்கி ஓடும். ஒயரிங்ல துரு புடிச்சி ஒரு நாளைக்கி நடு ரோட்ல நிக்கும். நீ எறங்கித் தள்ளுவியா? ஜாஸ்தி பேஜாராயிடும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த அம்மாவுக்குப் போன் செய்து, நண்பன் சொன்னதை அப்படியே சொன்னேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டார்.

"உங்க சிநேகிதர் சொல்லுதது நியாயந்தான்," என்றார். பிறகு, "அப்ப ஒண்ணு செய்வோமா? நானே ஓட்டிட்டு வாரேன். வழியில நின்னுச்சுன்னா நீங்க வாங்க வேண்டாம். நான் லாரியில ஏத்தி ஊருக்குக் கொண்டு போயிருவேன். வந்து சேந்துச்சுன்னா உங்க சிநேகிதர் பாத்து முடிவு சொல்லட்டும்," என்றார்.

நான் திகைத்துப்போனேன். "மேடம், பாளையங்கோட்டையிலருந்து ஆம்பூருக்கா? எம்மாம் தூரம்!"

"தூரந்தான். நான் இந்த வண்டிய மதுரைக்கு மேல ஓட்டினதே இல்ல. விக்கிததுக்கு முன்னால ஒரு தடவையாவது நல்லா ஓட்டிப் பாக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

முன்பணம் அனுப்புகிறேன் என்றேன். வண்டி வந்து சேரட்டும் என்று மறுத்துவிட்டார். வீட்டில் சொன்னபோது என் மனைவி கை வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அவங்களே ஓட்டிகினு வர்றாங்களா? வண்டிய வாங்கறமோ இல்லியோ, அவங்கள நான் பாக்கணும்ங்க."

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அவர் கிளம்பினார். கூட, கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண். வண்டி நிற்கும் இடங்களிலிருந்து குரல் செய்தி வரும். திண்டுக்கல்லில் டீ. கரூர் தாண்டியாயிற்று. அன்று நாமக்கல்லில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். நாங்கள் அந்தச் செய்திகளைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். நண்பன்கூட, "இன்னாடா, எங்க வர்றாங்களாம்?" என்று மூச்சுக்கு மூச்சு போன் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். "அண்ணாச்சி, ஒரு சந்தேகம். பஞ்சர் ஆனா அது வண்டி நின்ன கணக்குல சேருமா?"

திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிற்பதாகச் சொன்னார். நண்பன் அந்த வினாடியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காக இவ்வளவு தூரம் ஒருவரை வரவைத்துவிட்டோமே, தெரியாத ஊரில் நடு ரோட்டில் நிற்கிறாரே என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுபடி நண்பனின் போன் வந்தபோது அவன் குரலே மாறியிருந்தது.

"நான் வந்து பாத்தா, கீழ தரையில பாய் விரிச்சி உக்காந்துகினு அந்த அம்மாவே நட்டு முடுக்கினு இருக்காங்கடா. டயர் மாத்தியாச்சி. கூட வந்த பொண்ணு டயர தூக்கிக் குடுத்துச்சாம், மத்ததெல்லாம் இவங்கதான். நான் ஸ்பேனர வாங்கிப் பாத்தேன். ஒரு நட்டுகூட லூசு இல்ல."

"வண்டி எப்பிடிடா இருக்கு?"

"வண்டிய வுடு. அவங்கள பாரு நீ வந்து."

வெயில் தணிகிற நேரத்தில் அந்த வெள்ளைக் கார் எங்கள் தெருவில் திரும்பியது. பின்னால் நண்பனின் பைக். தெருவே வெளியே வந்து நின்றது. அவர் கதவைத் திறந்து, கூட வந்த பெண் நாற்காலியை விரித்து வைத்ததும், இரண்டு கையையும் ஊன்றி ஒரே வீச்சில் அதில் மாறி உட்கார்ந்தார். கைகளில் இன்னும் மண். நாற்பதைத் தாண்டியிருக்கும் வயது, மெலிந்த உடம்பு, ஆனால் தோள் மட்டும் பயில்வான் தோள். "வந்து சேந்துட்டோம்லா?" என்றார் என்னைப் பார்த்து.

ஆம்பூருக்கு வருகிறவர்களுக்கு வேறு என்ன போடுவது என்று என் மனைவி பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தாள். வந்தவர் சுத்த சைவம். அவள் பதறிப்போய் அவசர அவசரமாக ரசம் வைத்து, அப்பளம் பொரித்தாள். "கொண்டா, நான் பொரிக்கேன். நீ உக்காரு," என்று அவர் நாற்காலியை அடுப்படி வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்விட்டார். கூட வந்த பெண் பிரியாணியை ஒரு கை பார்த்தாள்.

மறுநாள் காலை நண்பன் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு போனான். அதில் காலால் ஓட்டும் பெடல்களும் இருந்ததால் அவனும் ஓட்ட முடிந்தது. மேட்டைத் தூக்கினான். சீட்டைக் கழற்றினான். ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தான். நாங்கள் இருவரும், நான் என் ஊன்றுகோலோடும் அவர் தன் நாற்காலியிலும், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல வெளியே இருந்தோம். கடைசியில் அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்கிக்கோடா. ஏசி கொஞ்சம் கம்மி, அத நான் சரி பண்ணிக் குடுத்துடறேன். வேற ஒண்ணும் இல்ல," என்றான். பிறகு அவரிடம் திரும்பி, "நான் வேணாம்னு சொன்னவன் மேடம். தப்பா எடுத்துக்காதீங்க," என்றான்.

"நீங்க வேண்டாம்னு சொல்லலேன்னா நான் இங்கல்லாம் எங்க வரப் போறேன்?" என்றார் அவர்.

அன்றைக்குச் சாயங்காலம் பாலாற்றங்கரையில் இருக்கும் மைதானத்துக்குப் போனோம். பழகுநர் உரிமம் எடுத்து வைத்திருந்தேனே தவிர, கார் ஸ்டியரிங்கைப் பிடிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்தில் நண்பன். பின் சீட்டில் அவரும் என் மனைவியும் மகளும். "லீவர முன்னால தள்ளுனா பிரேக், கீழ அமுக்குனா வேகம். அவ்வளவுதான். முட்டை மேல கை வச்ச மாதிரி அமுக்கணும்," என்றார். நான் அமுக்கியதில் வண்டி துள்ளியது. மகள் கத்தினாள். இன்னொரு முறை அமுக்கினேன். வண்டி மெல்ல நகர்ந்தது. மைதானத்தைச் சுற்றி வந்தபோது கண்ணாடியில் என் மனைவியின் முகம் தெரிந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓட்டுகிற வண்டியில் அவளும் மகளும் சேர்ந்து உட்கார்ந்தது அன்றுதான்.

மறுநாள் ஜோலார்பேட்டையில் அவர்களை ரயில் ஏற்றப் போனோம். நண்பன்தான் ஓட்டினான். பெட்டியின் படி உயரம். நாற்காலி உள்ளே ஏறாது. கூட வந்த பெண்ணும் நண்பனும் மட்டும் தூக்கினால் போதாது. நான் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு என்ன உதவி செய்ய முடியும்? அவர் பிளாட்பாரத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வாங்க. நீங்க முதுகுக்குப் பின்னால கை குடுங்க. நீங்க முழங்காலுக்கு அடியில. மூணு சொன்னதும் தூக்கணும். பயப்படாதீங்க, நான் உடைய மாட்டேன்." கெஞ்சல் இல்லை, கூச்சம் இல்லை. கடையில் மருந்துச் சீட்டு வாங்கிப் பார்த்துச் சொல்கிறவரின் குரல் அது. அந்தப் பையன்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி சொன்னபடி செய்தார்கள். ஒருவரிடம் உதவி கேட்கும்போது எப்போதும் குரல் தாழ்ந்துபோகிற எனக்கு, அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றதே பெரிய விஷயமாக இருந்தது.

சீட்டில் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, நல்லா உழைச்ச வண்டி," என்றார். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

உரிமம் எடுக்க எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. நண்பன் ஷெட்டைச் சாத்திவிட்டு மைதானத்துக்கு வந்து திட்டித் திட்டிப் பழக்கினான். கம்பெனிக்கு இப்போது காரில்தான் போகிறேன். மழைக்காலத்தில் எதிர் வீட்டில் இருக்கும், எங்கள் தையல் பிரிவுப் பெண்கள் இரண்டு பேரும் என்னோடு வருகிறார்கள். பாளையங்கோட்டையில் வேன் தயாராகிவிட்டது. சரிவுப் பலகையில் நாற்காலியோடு ஏறி அவர் தென்காசி, குற்றாலம் என்று போய் வருகிறார். அடுத்து ஊட்டி மலை ஏறப் போவதாகச் சொல்கிறார். செய்வார். எனக்குச் சந்தேகமில்லை.

போன வாரம் திமிரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டியதும் நல்ல மழை. பின் சீட்டில் மகள் தூங்கிவிட்டாள். மனைவியின் போன் அடித்தது.

"அக்கா, சொல்லுங்க... ஆமா, எங்க அம்மா வீட்டுக்குத்தான் போய்கினு இருக்கோம். கார்லதான். இவருதான் ஓட்றாரு, பேசறீங்களா?"

ஸ்பீக்கரில் அந்தப் பாளையங்கோட்டைக் குரல் அதட்டியது. "மழையில ஓட்டுத ஆளுகிட்ட போனக் குடுப்பாங்களா? வையி நீ, போய்ச் சேந்துட்டுக் கூப்பிடுங்க."

என் மனைவி சிரித்துக்கொண்டே போனைப் பைக்குள் போட்டாள். ஆற்காடு வரைக்கும் மழை விடவில்லை.