லெஸ்டர் முகம், வேட் பெயர்

அமெரிக்காவில் ஒஹையோவின் ஃபைண்ட்லி ஊரில் முடிவெட்டும் சலூன் வைத்திருந்த லெஸ்டர் டோம்பெக்குக்கு, பள்ளித் தோழன் வேட் ஸ்டெங்கரை நினைத்தாலே வயிறு எரியும். 1962இல் இருவரும் ஃபுளோரிடாவுக்கு பேஸ்பால் பயிற்சி முகாமுக்குப் போனார்கள். வேட் பெரிய லீக்கில் நிலைத்தான். லெஸ்டரை மூன்றாவது வாரமே பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மறுவருஷம், சூயிங்கம் பாக்கெட்டோடு தரும் ஆட்டக்காரர் பட அட்டைகளில் வேட்டின் முதல் அட்டை வந்தது. கீழே பெயர் வேட். மேலே பல்லைக் காட்டிக்கொண்டிருந்த முகமோ லெஸ்டருடையது. முகாமில் படமெடுத்தவர் ஆளை மாற்றிவிட்டார்.

"பெரிய லீக்குக்கு உன் மூஞ்சி மட்டும் போயிருச்சுடா," என்று ஊரே சிரித்தது.

அதன் பிறகு, வேட்டின் சொந்த முகத்தோடு வந்த புது அட்டையை லெஸ்டர் வருஷா வருஷம் வாங்கினான். அறுபத்தைந்தில் ஒட்ட வெட்டிய தலை, கோழிக்கழுத்து. அறுபத்தொன்பதில் இரட்டைத் தாடை. எழுபத்திரண்டில் காது மறைக்கும் கிருதா. எழுபத்து நான்கில் தொங்குமீசை, தொப்பியை மீறிய சுருள்முடி. ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்தான். வயது கூடக்கூட வேட்டின் களை கூடுவதை மட்டும் தாங்க முடியவில்லை.

எழுபத்தைந்து பிப்ரவரியில், தங்கை கல்யாணத்துக்கு வந்த வேட் நேராக சலூனுக்கு வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து அந்த முதல் அட்டையை எடுத்தான்.

"போற ஊர்லல்லாம் இதை நீட்டி கையெழுத்து கேக்குறாங்கடா. உன் மூஞ்சி மேல என் பேரைப் போட்டுக் குடுக்கறேன்."

"எத்தனை தடவை போட்டிருப்ப?"

"நூறு இருக்கும். இது என் ஃப்ரெண்டு லெஸ்டர்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். இதுல நீ போடு."

லெஸ்டர் நெற்றிக்குக் குறுக்கே முழுப்பெயரையும் எழுதினான். எரிச்சல் தணியவில்லை. மீசையை லேசாக ஒதுக்கச் சொன்ன வேட்டுக்கு ஒரு பக்கத்தை வேண்டுமென்றே ஒட்ட நறுக்கினான்.

"ஐயோ, கை தவறிருச்சு," என்றான்.

"பரவாயில்ல, மொத்தமா எடுத்துடு," என்று கண்ணை மூடிக்கொண்டான் வேட்.

அடுத்த வருஷ அட்டையில் மழித்த முகத்தோடு வேட், பத்து வயது குறைந்து நின்றான். லெஸ்டரின் மனைவி நடீன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீசை போனதும் ஆளே மாறிட்டான் பாரு. நீ பண்ணதுலயே நல்ல வேலை இதுதான்."

அன்று லெஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.