விடுங்க அண்ணி

அந்த ஊரில் எல்லாரும் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வேலைக்குப் போனார்கள். பிரேக்கு மட்டும் பறந்து போனாள்.

இதில் மிகை ஒன்றும் இல்லை. குன்றின் உச்சியில், பழைய காவல் கோபுரத்தின் இடிபாட்டை ஒட்டி ஒரு மேடை இருந்தது. அங்கே புறப்படும் ஜிப்லைன் கம்பி கோட்டை மதிலையும் ஓட்டுக் கூரைகளையும் மணிக்கூண்டையும் தாண்டி, துறைமுகத்து ஓரத்தில் ஒரு கிடங்கின் மொட்டை மாடியில் போய் முடிந்தது. காலையில் முதல் ஆளை அனுப்பும் முன் ஊழியர் ஒருவர் அதில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அதை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழ் மேடையில் வேலை பார்த்த பிரேக்கு, "நான் போறேன், எப்படியும் நான் கீழதானே போகணும்" என்றாள். அன்றிலிருந்து அது அவள் பாதை ஆகிவிட்டது.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் உதவியது. பறந்து வருகிறவர்களை நிறுத்துவது அவள் வேலை என்பதால் மற்ற நாட்களில் பிரேக்கு, பிரேக்கு அக்கா, கோபம் வந்தால் பிரேக்கம்மா. கம்பியில் ஓடும் ஒரு மரக்கட்டைதான் நிறுத்தும் கருவி. ஒவ்வோர் ஆளும் வருவதற்கு முன் கயிற்றை இழுத்து அந்தக் கட்டையைச் சிவப்புக் குறி வரைக்கும் கொண்டுபோய் வைக்க வேண்டும். வருகிறவர் அதில் மோதி, அதைத் தள்ளிக்கொண்டே வேகம் குறைந்து, அவள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பார். கட்டையும் தவறினால் கடைசியாக ஒரு பெரிய இரும்புச் சுருள் உண்டு. ஆனால் சுருள் இடிபட்டால் அன்றைக்குக் கம்பியை மூடிவிட வேண்டும். அவளுக்கு முன்னால் கீழ் மேடையில் இருந்தவர், சுருள் இடிபட்ட அன்றே வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்.

மனிதர்களை அவள் உள்ளங்கால் முதலாகத்தான் அறிவாள். கம்பியில் வருகிறவர்களிடம் செருப்பின் அடிப்பாகம்தான் முதலில் தெரியும், முகம் அப்புறம். மேலே வாயடித்தவர்கள் பேச்சில்லாமல் இறங்குவார்கள். அழுதுகொண்டே புறப்பட்டவர்கள் இன்னொரு தடவை போகலாமா என்று கேட்பார்கள். ஒரு பெரிய மனிதர் இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கடை கூரையில ஒரு ஓடு உடைஞ்சிருக்கும்மா, நல்லவேளை பார்த்தேன்" என்றார். வரலாற்றுச் சிறப்புமிக்க நகரத்தை மேலிருந்து காணுங்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். அவர் கண்டது அவருடைய ஓடு.

மேல் மேடையில் ஆட்களுக்கு வார் கட்டி, கொக்கி மாட்டி அனுப்புவது அவளுடைய அண்ணி. அண்ணன் கப்பல் வேலைக்குப் போனவன். வருஷத்தில் பாதி தண்ணீரில். வீட்டில் அண்ணியும் நாத்தனாரும்தான். இந்த வேலைக்கு அண்ணியைக் கூட்டிவந்ததும் பிரேக்குதான். இருவருக்கும் இடையில் பேச ஆளுக்கொரு வாக்கி டாக்கி, சுருக்கமாக வாக்கி. அதில் பேச நாலைந்து சொற்கள் போதும். அண்ணி "விடவா?" என்பாள். கட்டை குறியில் இருந்தால் பிரேக்கு "விடு" என்பாள், இல்லாவிட்டால் "பொறு." ஆள் வந்து நின்றதும் "வந்தாச்சு." வீட்டில் அண்ணியை நீங்க, வாங்க என்று பேசுகிறவள் வாக்கியில் மட்டும் நாளெல்லாம் "விடு, விடு" என்று ஏவுவதில் இருவருக்குமே ஒரு குஷி இருந்தது.

"நாள் பூரா என்னை வேலை ஏவற, வீட்டுக்கு வந்தா தண்ணி கூட நான்தான் மோந்து குடுக்கணும்" என்பாள் அண்ணி.

"அது வேற டிபார்ட்மெண்ட் அண்ணி."

இந்தக் கேலியெல்லாம் சில வாரங்களாக நின்றுபோயிருந்தது.

காரணம் அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு படகு மெக்கானிக். முப்பத்தாறு வயதுவரை கல்யாணப் பேச்சைத் தட்டிக்கழித்து வந்த பிரேக்குக்கு அவரைப் பார்த்ததும் மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை. எஞ்சின்களோடு புழங்குகிற மனிதரின் நகங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார் என்பதும் பிடித்திருந்தது. அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அக்கா வந்திருந்தாள். போகிற போக்கில் அந்த அம்மாள்தான் கேட்டாள்: "கல்யாணத்துக்கப்புறமும் இப்படிக் காத்துல தொங்கிக்கிட்டேதான் வேலைக்குப் போவாளா?"

பிரேக்கு வாயைத் திறப்பதற்குள் அண்ணி சிரித்துக்கொண்டே முந்திக்கொண்டாள்: "சேச்சே, அதெல்லாம் விட்டுடுவா."

அவ்வளவுதான். வந்தவர்கள் திருப்தியாக எழுந்து போனார்கள். அவர்கள் குடித்த டம்ளர்களைப் பிரேக்கு எடுத்துக் கழுவி வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அண்ணியோடு பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. சண்டை என்றால் எதையாவது சொல்லியாக வேண்டும். அவளுக்கு அது வராது. அந்த மனிதர் வேண்டும், இந்த வேலையும் வேண்டும் என்று சொன்னால், எதுவுமே கேட்டுப் பழகாதவள் ஒரே மூச்சில் இரண்டைக் கேட்பதாக ஆகிவிடுமோ என்று கூச்சம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தானாகக் கையை விட்டுப் போய்விடும் என்பதும் தெரிந்தே இருந்தது.

காலையில் இருவரும் ஒரே ஜீப்பில் குன்றின் மேல் ஏறுவார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. மேடையில் அண்ணி அவளுக்கு வார் கட்டுவாள். தோளில், இடுப்பில், தொடையில் ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்ப்பாள். பேச்சு நின்ற நாளிலிருந்து அந்தச் சோதனை நீண்டுகொண்டே போனது. ஒருமுறை இழுத்த பட்டையை மறுபடி இழுப்பாள், கொக்கியைத் தட்டிப் பார்ப்பாள். இருவர் மூச்சும் கேட்கும். பேச்சுதான் கிடையாது.

பிறகு கம்பி. கால் மேடையை விட்டதும் வயிறு ஒருமுறை மேலே வந்து போகும். இத்தனை வருஷமாகியும் அது மாறவில்லை. கீழே கோட்டை மதில், அதன் இடுக்குகளில் முளைத்த செடிகள். மதிலுக்கு அப்பால் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் சிவப்புக் கூரைகள். மொட்டை மாடிகளில் காயும் துணிகள். மணிக்கூண்டின் நாலு முகமும் நாலு நேரம் காட்டும். கம்பியில் போகும்போதுதான் ஒரே மூச்சில் இரண்டு முகங்களைப் பார்க்க முடியும். அதற்கப்புறம் தெருக்கள் எல்லாம் கடலைப் பார்த்துச் சரியும். படகுகள் இலை போலக் கிடக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவள் யாருக்கும் தங்கையும் இல்லை, நாத்தனாரும் இல்லை. இதை வேலையின் பகுதி என்று சொல்லிச் சம்பளமும் தருகிறார்களே என்று அவளுக்கு அடிக்கடி ஆச்சரியமாக இருக்கும்.

அது நடந்தது ஒரு மதிய நேரம். காற்று மந்தமாக இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். அவள் பின்னலிலிருந்து ஒரு கொத்து முடி ஹெல்மெட் வாரில் சிக்கிக்கொள்ள, பிரேக்கு கையுறையைக் கழற்றி அதை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். கட்டை இன்னும் மேடை ஓரத்திலேயே கிடந்தது.

வாக்கி கரகரத்தது. "விடவா?"

"பொறு."

பொறு என்று வந்தால், மேலே இருப்பவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். அதுதான் விதி. கல்லூரிப் பெண் நன்றி சொல்லிப் படியிறங்கிப் போனாள். பிரேக்கு கயிற்றில் ஒரு கையை வைத்தாள். அப்போது வாக்கியில் அண்ணியின் குரல், வேலைக் குரல் இல்லை, வீட்டுக் குரல்:

"ஏய், இன்னும் கோவமா?"

அவள் எதிர்பார்க்கவே இல்லை. அதுவும் வாக்கியில். பொத்தானை அழுத்தி, "விடுங்க அண்ணி" என்றாள்.

அவளைப் பொறுத்தவரை அப்படித்தான் சொன்னாள். ஆனால் அவளுடைய கட்டைவிரலுக்கு வருஷக்கணக்கான பழக்கம் ஒன்று இருந்தது. "விடு" முடிந்ததும் அது பொத்தானை விட்டுவிடும். "ங்க"வும் "அண்ணி"யும் கிடங்கு மாடியிலேயே நின்றுவிட்டன. குன்றின் மேல் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு சொல்தான்: விடு.

அண்ணி விட்டாள்.

கம்பி பாடத் தொடங்கியதும் பிரேக்கு நிமிர்ந்தாள். மணிக்கூண்டுக்கு அப்பால் ஒரு புள்ளி. கட்டை அவள் காலடியில். யோசிக்க நேரம் இல்லை. கயிற்றை மாற்றி மாற்றி இழுத்தாள், ஒரு கையில் கையுறை இல்லை என்பதைக்கூட மறந்து. கட்டை பாதி தூரம் போயிற்று. உள்ளங்கால்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. கட்டையில் மோதி, வேகம் கொஞ்சம் தணிந்து, அப்படியும் மீதி வேகத்தோடு வந்து, சுருள் கிறீச்சென்று அமுங்க, ஆள் ஊஞ்சல் போல எழும்பி, திரும்பி வந்து தொங்கினார். மூக்குக்கண்ணாடி போட்ட நடுத்தர வயது மனிதர். கண்ணாடி ஒரு காதில் மட்டும் இருந்தது.

"அடி ஏதும் பட்டுச்சா சார்? கழுத்து? முதுகு?"

"பிரமாதம்!" என்றார் அவர். "கடைசியில இப்படித் தூக்கிப் போடும்னு யாருமே சொல்லலையே. இன்னொரு தடவை போகலாமா?"

"இன்னிக்கு மூடியாச்சு சார்" என்றாள் பிரேக்கு. கயிறு உரசிய உள்ளங்கை அப்போதுதான் எரியத் தொடங்கியது.

சாயங்காலம் மேனேஜர் அறையில் இருவரும் நின்றார்கள். அண்ணியின் முகம் வெளிறிப்போயிருந்தது. மேனேஜர் கத்துகிற ஆள் இல்லை. அதனால்தான் அவரிடம் பயம்.

"கட்டை குறிக்குப் போகாம ஏன்மா 'விடு'ன்னு சொன்னீங்க?"

"நான் 'விடு'ன்னு சொல்லல சார். 'விடுங்க'ன்னு சொன்னேன்."

"மரியாதையா சொன்னா கட்டை தானா போயிடுமா?"

"சார், அவ என்கிட்டதான் சொன்னா. ஆனா ஆளை விடச் சொல்லல" என்று அண்ணி குறுக்கிட்டாள். "நான் வேற ஒண்ணு கேட்டேன், அதுக்குச் சொன்னா. தப்பு என்னோடது. பொறுன்னு வந்தப்புறம் மறுபடி கேக்காம விட்டேன்."

"வேலை நேரத்துல வாக்கியில வீட்டுப் பேச்சுக்குப் பதில் சொன்னது நான் சார்" என்றாள் பிரேக்கு.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படி என்ன வீட்டுப் பேச்சு?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மெக்கானிக், அவருடைய அக்கா, டம்ளர்கள் எல்லாம் வந்தன. அண்ணிதான் சொன்னாள், விட்டுடுவா என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது. மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடினார். பிறகு பிரேக்கைப் பார்த்து, எந்த உணர்ச்சியும் இல்லாமல் கேட்டார்:

"அப்ப நீங்க வேலையை விடறீங்களா, இல்லையா? அடுத்த மாசத்துக்கு நான் டியூட்டி போடணும்."

இத்தனை வாரத்தில் அவளிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. கேள்வி அவ்வளவு சாதாரணமாக வந்ததால் பதிலும் தடங்கல் இல்லாமல் வந்தது.

"இல்ல சார். நீங்களா அனுப்பினாத்தான்."

அண்ணி திரும்பி அவளைப் பார்த்தாள்.

மேனேஜர் ஜன்னல் வழியே கம்பியைப் பார்த்தார். "வந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகல. ரெண்டு பேரும் மழுப்பாம சொன்னீங்க. அதனால அனுப்பல" என்றார். "சனிக்கிழமை வரைக்கும் ரெண்டு பேருக்கும் மேடை கிடையாது. ஹெல்மெட் கழுவுங்க. இனிமே கம்பியில 'விடு'ங்கற வார்த்தையே வரக் கூடாது. 'அனுப்பு'ன்னு சொல்லுங்க. அதுக்கும் உங்க வீட்டுல ஏதாவது அர்த்தம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மறுநாள் கிடங்கின் பின்புறக் குழாயடியில் ஹெல்மெட்டுகள் குவிந்து கிடந்தன. பிரேக்கின் கையில் கட்டு இருந்ததால் அண்ணி சோப்புப் போட்டாள், அவள் ஒற்றைக் கையால் அலசிக் கவிழ்த்தாள்.

"வேலையை விட இஷ்டமில்லன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள் அண்ணி.

"நீங்க கேட்டீங்களா?"

அண்ணி ஒரு ஹெல்மெட்டை ரொம்ப நேரம் தேய்த்தாள். "நல்ல மனுஷன். கையில இருக்கறது நழுவிடுமோன்னு பயந்துட்டேன்டி. அந்தம்மா மூஞ்சியப் பார்த்ததும் வாய்ல வந்தத சொல்லிட்டேன்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமா மூஞ்சிய இத்தனை நாள் தூக்கி வச்சிருந்த?"

"தெரிஞ்சதாலதான் சண்டை போட முடியல. அதான் பேசல."

"சண்டையே போட்டிருக்கலாம். நீ பேசாம இருந்தது, ஒவ்வொரு நாளும் உன்னைக் கம்பியில விடறப்ப, இல்ல, அனுப்பறப்ப, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" அண்ணி கண்ணைத் துடைக்கப் போய்ச் சோப்பைத் தேய்த்துக்கொண்டாள். "ஐயோ, எரியுதே, தண்ணி ஊத்துடி."

பிரேக்கு கையில் இருந்த ஹெல்மெட்டிலேயே தண்ணீர் பிடித்து ஊற்றினாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது.

முகத்தைத் துடைத்ததும் அண்ணி போனை எடுத்தாள். மெக்கானிக்கின் அக்காவைக் கூப்பிட்டு, சுவர் பக்கம் திரும்பி நின்று பேசினாள். "ஆமாங்க, நான்தான் சொன்னேன்... அவளைக் கேக்காம சொன்னேன்... இல்லங்க, விடமாட்டாளாம்... ஆமா, அந்தக் கம்பிலதான்... உங்க தம்பியும் கடல்லதானே கிடக்காரு, அவரை நாங்க கரைக்கு வரச் சொன்னோமா?" பிறகு வெகுநேரம் அந்தப் பக்கம் மட்டுமே பேசியது. பிரேக்கு கழுவிய ஹெல்மெட்டையே மறுபடி கழுவினாள்.

அண்ணி போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கணிக்க முடியவில்லை.

"தம்பி பக்கத்துலதான் இருக்காராம். ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து உன்கிட்டயே பேசணுங்கறாராம். வரச் சொல்லவா?"

பிரேக்கு ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையை உதறினாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள். "ஆனா சாயங்காலமா. ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி இருக்கு."