ஒன்று முன்னே, ஒன்று பின்னே

அண்ணனின் ஓராண்டு நினைவுத் திருப்பலியில் அவருடைய பழைய கிட்டார் அம்ப்ளிஃபயர் ஒலிக்க வேண்டுமென்று அண்ணி விரும்பினார். அதன் இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று கிழிந்திருந்தது. அளவும், ஓம் கணக்கில் மின்தடையும் பொருந்தப் பார்த்து, பிலிமத்தலாவையில் புதியது வாங்கிவந்து பூட்டினேன். வாசித்தால் ஒலி அடிநாதமில்லாமல் சக்கையாக வந்தது.

"புதுசு சரியில்லங்க அண்ணி" என்றேன்.

சோதிக்க, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் போகும் வயரில் ஒரு பெட்டரியைத் தொட்டுவைத்தேன். பழைய ஸ்பீக்கரின் கூம்பு முன்னே எழும்பியது. புதியது பின்னே போனது. புதியதன் வயரை நான்தான் தலைமாற்றிப் பூட்டியிருக்கிறேன்; ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துக்கொள்கிறது.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சிரிக்கவில்லை. "நானும் ஒங்க அண்ணனும் இப்படித்தான் தம்பி. அவரு முன்னுக்கு வந்தா நான் பின்னுக்கு. ரெண்டு பேருலயும் பழுதில்ல."

வயர்களை மாற்றினேன். அடித்தந்தியை மீட்டியதும் கதிரை அதிர்ந்தது. அண்ணி பெட்டிமேல் வைத்த கையை எடுக்கவேயில்லை.

அவர்களுடைய சண்டைகளில் அண்ணிதான் பிழை என்று தீர்ப்புச் சொன்னதும், நல்ல ஸ்பீக்கரைச் சரியில்லை என்று சொன்ன என்னுடைய இதே வாய்தான்.